22 வருடமாக வாசலில் நின்ற காருக்கு இப்போது அபராதம்: தி.நகர் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

சென்னை தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில் குடியிருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். வயது 64. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் வீடு 1974-ல் அப்பா கட்டியது. கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. 22 வருடமாக என் சின்ன காரை வாசலுக்கு நேரே தெருவோரமாகத்தான் நிறுத்திவருகிறேன். ஐந்து மாதம் முன்பு ஒருநாள் காலையில் பார்த்தால் எங்கள் பக்கம் முழுக்க 'நோ பார்க்கிங்' போர்டு. எதிர்ப்பக்கம் கட்டணம் வாங்கும் நிறுத்துமிடம். தெருவையும் 'சோதனை முறையில்' ஒருவழிப் பாதையாக்கிவிட்டார்கள். எங்களில் யாருக்கும் ஒரு கடிதம்கூட வரவில்லை. இதுவரை காருக்கு மூன்று செலான். ஸ்கூட்டரை ஒருமுறை தூக்கிக்கொண்டு போனார்கள். வந்தவர்களில் போலீஸ்காரர் யாரும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் எங்கள் கேட்டை மறித்து வண்டியை விட்டுப் போகிறார்கள். இரண்டு கல்லும் பூந்தொட்டியும் வைத்தேன். மாநகராட்சி ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். 'இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்று கேட்டில் எழுதியும் பயனில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் நிஜமாகவே பிடுங்கிவிட்டேன். என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். வாசலில் கார் இல்லாமல் எப்படி? மாற்றுத்திறனாளி இடமாவது எங்களுக்கு ஒதுக்கமாட்டார்களா? ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்க முடியுமா?"

கடிதத்தோடு தெருவின் படங்களையும் செலான் நகல்களையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் மனைவியின் சிகிச்சையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் எடுக்கும். இதற்கு இன்றைக்கே வழி இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படங்களில், மின்கம்பத்தில் கட்டிய போர்டை அருகிலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு. வேப்பங்கிளை பாதியை மறைக்கிறது. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே கையகல வெள்ளைத் தகடு ஒன்று இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன்: 'காலை 8 முதல் இரவு 10 வரை'. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 8 வரை அந்தத் தடை உங்கள் காருக்குக் கிடையாது. இரவில் வாசலிலேயே நிறுத்தலாம். ஐந்தரைக்கு அங்கிருந்தே கிளம்பலாம்.

சிகிச்சை முடிந்து திரும்புவதற்குள் பத்து, பதினொன்று ஆகிவிடும். அப்போதும் வாசலில் நிறுத்தி அவரை இறக்கிவிடத் தடையில்லை. ஒற்றைக் கோடு போட்ட வட்டம் வண்டியை விட்டுவிட்டுப் போவதைத்தான் தடுக்கிறது. பெருக்கல் குறிபோல் இரண்டு கோடு இருந்தால்தான் நிற்கவே கூடாது. நீங்கள் ஸ்டியரிங்கில் இருக்க, வேறொருவர் கைத்தாங்கலாக அவரை உள்ளே அழைத்துப் போகட்டும். நீங்களே இறங்கிப் போய் அரை மணி நேரம் கழித்து வந்தால் அது பார்க்கிங் ஆகிவிடும். ஆக, உங்கள் பிரச்சினை பகல் நேரத்துப் பிரச்சினை. அந்த அளவுக்கு அது சிறியதாகிவிட்டது.

வாசல் உங்களுடையது, அதற்கு வெளியே தெரு மாநகராட்சியுடையது

நீங்கள் வருத்தப்படக்கூடும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாலையில் வீட்டுக்காரருக்குத் தனி உரிமை எதுவும் இல்லை. 22 வருடம் நிறுத்தியது இதுவரை யாரும் தடுக்காத வசதி. எத்தனை வருடம் ஆனாலும் அது உரிமையாக மாறாது. பொதுத் தெருவை அனுபவ பாத்தியத்தில் யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது. வரி கட்டுகிறோமே என்கிறீர்கள். சொத்து வரி உங்கள் மனைக்கும் கட்டடத்துக்கும் கட்டுவது. தெருவில் இடம் பிடிப்பதற்கு அல்ல.

சாலையை ஒட்டி வீடு வைத்திருப்பவருக்குச் சட்டம் வேறொரு உரிமையைத் தருகிறது: தன் வீட்டிலிருந்து சாலைக்கு இறங்கவும் சாலையிலிருந்து வீட்டுக்கு ஏறவும் தடையில்லாத வழி. நீங்கள் கையில் எடுக்க வேண்டியது இந்த உரிமையைத்தான். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ஒரு வளாகத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்துவதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. நடைபாதை, பேருந்து நிறுத்தம், பள்ளி வாயில், மருத்துவமனை வாயில் எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன. கட்டணச் சீட்டு வாங்கியவருக்கும் இது பொருந்தும். காசு கொடுத்தாலும் உங்கள் கேட்டை மறிக்கும் அனுமதியை யாரும் விற்க முடியாது.

இதுவரை நீங்கள் எழுதிய மனுக்கள் எல்லாம் 'என் காருக்கு இடம்' என்றே கேட்கின்றன. அதற்கு அதிகாரி 'விதியில் இடமில்லை' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். 'என் வாயிலை மறிக்காதபடி கோடு போட்டுத் தாருங்கள், நோயாளி இருக்கும் வீடு, ஆம்புலன்ஸ் வர வேண்டும்' என்று கேட்டுப்பாருங்கள். அதை மறுக்க அவருக்குக் காரணம் கிடைப்பது கடினம்.

டயாலிசிஸ் நோயாளி என்பதால் மாற்றுத்திறனாளி இடம் கிடைக்கும் என்று நம்புகிறீர்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சிறுநீரக நோய் இல்லை. உங்கள் மனைவிக்கு நடப்பதில் நிரந்தரமான சிரமம் இருந்து, அதற்கு மருத்துவக் குழுவின் சான்றிதழ் கிடைத்தால் நிலைமை வேறு. எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

கல், தொட்டி, 'காற்று பிடுங்கப்படும்'

தெருவில் கல்லையும் தொட்டியையும் வைத்தது ஆக்கிரமிப்பு. இரவில் ஒரு பைக் அதில் மோதி யாருக்காவது அடிபட்டிருந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கும். பொது வழியில் தடை ஏற்படுத்துவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் வருகிறது. 5,000 ரூபாய் வரை அபராதம். மாநகராட்சி தொட்டியை எடுத்துப்போனதோடு முடிந்ததே என்று நிம்மதி கொள்ளுங்கள்.

கேட்டில் நீங்கள் எழுதிய வாசகத்துக்குச் சட்ட வலு கிடையாது. நம் ஊரில் பாதி கேட்டுகளில் அது இருக்கிறது, அதனால் சட்டம் போலத் தோன்றுகிறது. போக்குவரத்துக் குறியீடு வைக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-வது பிரிவு அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் மட்டுமே தருகிறது. 'வாயிலை மறிக்காதீர்கள்' என்று வேண்டுகோளாக எழுதி வைக்கலாம், தவறில்லை.

காற்றைப் பிடுங்கியதை மட்டும் மறுபடி செய்யாதீர்கள். அடுத்தவர் உடைமையின் பயனைக் குறைக்கும் செயல் சேதம் விளைவித்தல் என்ற குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. காற்றுப் போனது தெரியாமல் ஓட்டிச் சென்று அந்த வண்டிக்காரர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். எதிரில் இருக்கும் எந்தக் கடையின் கேமராவிலும் அது பதிவாகியிருக்கலாம். கேட்டை மறிக்கும் வண்டியைப் படம் எடுத்து, போக்குவரத்துக் காவல்துறையின் 'ஜிசிடிபி சிட்டிசன் சர்வீசஸ்' செயலியில் போடுங்கள். நாளும் நேரமும் பதிவாகும். பின்னால் மனுவோடு இணைக்க அந்தப் பதிவுகளே ஆதாரம்.

கடிதம் வரவில்லை என்பதால் உத்தரவு செல்லாதா?

இல்லை. வீடு வீடாகக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முறையான அதிகாரி பிறப்பித்த உத்தரவும் கண்ணுக்குத் தெரியும் குறியீடும் இருந்தால் போதும். ஆனால் அந்த இரண்டும் உண்மையில் இருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வண்டி நிறுத்துமிடங்களை முடிவு செய்யும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவில் வருகிறது. மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ, உள்ளாட்சியோடு கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருவழிப் பாதை போன்ற கட்டுப்பாடு 115-வது பிரிவின் கீழ் வருகிறது. அதற்கு அரசிதழ் அறிவிப்பு தேவை. ஒரு மாதத்துக்கு மிகாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அரசிதழ் வேண்டாம், உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். உங்கள் தெருவில் 'சோதனை' ஐந்து மாதமாக நடக்கிறது. அரசிதழில் வந்ததா என்பது நியாயமான கேள்வி. ஸ்டேயைவிட இந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள். ஒன்று போக்குவரத்துக் காவல்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, இன்னொன்று உங்கள் பகுதிக்கான மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. நகல் கேளுங்கள்: நோ பார்க்கிங் உத்தரவின் நகல், ஒருவழிப் பாதைக்கான அரசிதழ் அறிவிப்பின் நகல், தெருவில் எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை தடை என்று காட்டும் வரைபடம், கட்டணம் வசூலிக்க அனுமதி பெற்றவர் யார் என்ற ஆணை, வண்டி தூக்குவதற்கான ஏற்பாட்டின் விவரம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. சென்னையில் பேருந்து போகும் சாலைகளை ஒரு துறையும் உட்புறத் தெருக்களை மண்டலமும் கவனிக்கின்றன. உங்கள் தெரு எதில் சேர்த்தி என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால் மனு மேசை மேசையாக அலையாது.

மூன்று செலான், ஒரு ஸ்கூட்டர்

முதல் செலானைக் கைப்பேசியிலேயே கட்டிவிட்டீர்கள். அபராதம் கட்டுவது வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கு முடிந்தது, திரும்பக் கேட்க முடியாது.

இரண்டாவது செலானைக் கட்டாதீர்கள். போர்டின் அடியில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. அது தெருமுனையைப் பார்க்கிறது. செலானில் இருக்கும் படத்தில் உங்கள் கார் கம்பத்துக்கு மறுபக்கம், அம்புக்குறி காட்டாத திசையில் நிற்கிறது. அந்தப் பக்கத்துக்கு வேறு போர்டு இருந்தால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. 500 ரூபாய்தானே என்று கட்டிவிட நினைப்பீர்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்தபின் நோ பார்க்கிங்குக்கு முதல்முறை 500, அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய். செய்யாத தவறை ஒப்புக்கொண்டால் கணக்கில் இன்னொரு தவறு ஏறும். இ-செலான் தளத்தில் புகார் பதியும் வசதி உண்டு. கம்பம், அம்புக்குறி, மறைக்கும் கிளை, வீட்டு எண் நான்கும் தெரியும்படி படம் எடுத்துப் பதியுங்கள். போக்குவரத்து துணை ஆணையருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் நீதிமன்றத்தை நாடலாம். நீங்கள் நேரில் ஆஜராகி இதே படங்களைக் காட்டலாம். ஒன்றும் செய்யாமல் கிடப்பில் போட்டால்தான் ஆபத்து: பிறகு ஆர்.சி. சம்பந்தமான வேலை வரும்போது அது வந்து நிற்கும்.

மூன்றாவதில் கார் பாதி நடைபாதை மேல் ஏறி நிற்கிறது. அதைக் கட்டிவிடுங்கள். தடையில்லாத நடைபாதை, வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. உங்கள் மனைவி நடக்க வேண்டிய பாதையும் அதுதான்.

ஸ்கூட்டர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியைத் தூக்கவோ பூட்டவோ, 127-வது பிரிவின்படி அந்த எல்லைக்குட்பட்ட, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அனுமதிக்க வேண்டும். வண்டியில் வந்த ஆட்கள் தாங்களாக முடிவு செய்ய முடியாது. நீங்கள் வாங்கிய ரசீதில் எந்த அதிகாரியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் அந்த நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். எதிர்ப்பக்கம் பணம் வாங்குகிறவரிடமும் அச்சிட்ட அல்லது மின்னணு ரசீது கேளுங்கள். தராவிட்டால் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குச் சொல்லுங்கள்.

பகலில் கார் எங்கே நிற்கும்?

2019 நவம்பரில் பாண்டி பஜார் நடப்பதற்கு உகந்த சாலையாக மாறியபோது, அங்கே நின்ற வண்டிகள் பக்கத்துத் தெருக்களைத் தேடின. பிறகு பனகல் பார்க்கில் மெட்ரோ சுரங்க வேலை வந்தது. இந்த நெருக்கடியில் தெருவோர இடத்தை இலவசமாக விட்டால் முதலில் வந்தவர் இரவுவரை நகரமாட்டார். கடைக்காரருக்கும் உங்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் இடமிருக்காது. கட்டணமும் நேரக் கட்டுப்பாடும் அதற்காகத்தான். 2006-ம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் நிறுத்துமிடக் கட்டணத்தில் நிலத்தின் மதிப்பு தெரிய வேண்டும் என்கிறது. அதை எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. குடியிருப்பவர்களைக் கேட்காமல் செய்ததைத்தான் எதிர்க்கிறேன்.

தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் 200-க்கு மேற்பட்ட கார்கள் நிற்கலாம். மாதச் சலுகை உண்டா என்று நேரில் கேளுங்கள். உங்கள் தெருவிலேயே கார் இல்லாத அடுக்ககக் குடும்பம் தன் இடத்தை வாடகைக்குத் தரலாம். சங்கத்தின் ஒப்புதலோடு எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூலையில் இருக்கும் ஜவுளிக்கடை தன் கீழ்த்தளத்தைச் சரக்கு அறையாக வைத்திருக்கிறது என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வணிகக் கட்டடங்கள் பரப்பளவுக்கு ஏற்ப வண்டி நிறுத்த இடம் விட்டாக வேண்டும். 2019-ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு அங்கே துணிமூட்டை அடுக்கினால், அவர்களுடைய வாடிக்கையாளர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். இதே தி.நகரில் 2011 அக்டோபர் கடைசியில் விதிமீறிய கடைகளுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) சீல் வைத்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கீழ்த்தளம் பார்க்கிங் என்று அதில் இருந்தால் சி.எம்.டி.ஏ.வுக்கும் மாநகராட்சிக்கும் புகார் கொடுங்கள். கடைக்கு வெளியே நிற்பவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

இப்போது வேண்டாம். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது நிர்வாகத்தின் வேலை என்றே நீதிமன்றங்கள் பொதுவாக நினைக்கின்றன. 'என் வாசலில் என் கார் நிற்க வேண்டும்' என்ற மனுவில் ஸ்டே கிடைப்பது அரிது. முதல் விசாரணையிலேயே 'அதிகாரிக்கு மனு கொடுத்தீர்களா' என்று கேட்பார்கள்.

அதனால் தெருவில் உள்ள வீட்டுக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், சிறு கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரே மனு தயார் செய்யுங்கள். வீட்டு எண், வாயில் இருக்கும் இடம், வீட்டில் உள்ள வண்டி, நோயாளி அல்லது முதியவர் இருக்கிறாரா என்று ஒரு பக்கப் பட்டியல், கையால் வரைந்த தெருப்படம். கேட்க வேண்டியவை: ஒவ்வொரு வாயில் முன்பும் மறிக்கக்கூடாத கோடு, குடியிருப்போருக்குக் குறைந்த கட்டணத்தில் மாத அனுமதி, சரக்கு இறக்க நேரம், மறைக்கும் கிளையை வெட்டி போர்டைச் சரிசெய்தல். டெல்லியின் 2019 நிறுத்துமிட விதிகள் குடியிருப்போர் சங்கங்களோடு பேசிப் பகுதித் திட்டம் தயாரிக்கச் சொல்கின்றன. அதை முன்னுதாரணமாகக் காட்டலாம்.

மனு மண்டல அலுவலர், போக்குவரத்து துணை ஆணையர், வார்டு கவுன்சிலர் மூவருக்கும் போகட்டும். நகல் சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமமான கும்டாவுக்கு. வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்திலும் எழுந்து பேசுங்கள். தமிழ்நாட்டில் 2022-லிருந்து அதற்கு விதிகளே இருக்கின்றன. நேரில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை, தபாலில் அனுப்பினால் சேர்ந்ததற்கான சான்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால், மனுவைப் பரிசீலித்துக் குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அத்தகைய உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அடிக்கடி தருகிறது. ஒருவழிப் பாதைக்கு அரசிதழ் அறிவிப்பு இல்லை என்று ஆர்.டி.ஐ. பதிலில் வந்துவிட்டால் அதையும் அதே மனுவில் சேர்க்கலாம். மனுவோடு டயாலிசிஸ் மையம் தந்த நாள், நேர அட்டவணையின் நகலையும் வையுங்கள். இரண்டாவது செலானுக்கான புகாரை மட்டும் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். கிளையை யாராவது வெட்டுவதற்கு முன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.